நாற்பத்தொன்றாம் எண் கை

எங்கள் ஊரில் வெளிநாட்டு வால்வு ஆம்ப்ளிஃபையர் வாங்குகிறவர், அதைச் சோதித்து முடிக்கும்வரை ஒரு கையைக் கைக்காப்பு அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். வலது கைப் பழக்கம் உள்ளவர்கள் இடது கையை ஒப்படைப்பார்கள். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் வலது கையை. அலுவலகம் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஐஸ் கம்பெனியின் மாடியில் இருக்கிறது. காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை. ஒன்றிலிருந்து இரண்டு வரை கைகளுக்கு ஓய்வு.

விதியின் காரணம் எளிமையானது. இந்த ஆம்ப்ளிஃபையர்களுக்குள் முந்நூறு வோல்ட் ஓடுகிறது. இரண்டு கையாலும் தொட்டுவிட்டால் மின்சாரம் ஒரு கை வழியாக ஏறி மறு கை வழியாக இறங்கும். வழியில் இதயம் இருக்கிறது. மற்ற ஊர்களில் ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்யச் சொல்கிறார்கள். எங்கள் ஊர் ஆண்கள் வீட்டில் சாரம், அதாவது லுங்கி, கட்டுகிறவர்கள், பெண்கள் சேலை. பை இல்லாத ஊரில் பையை நம்பி விதி செய்ய முடியாது.

நான் வாங்கியபோது எனக்கு அறுபத்திரண்டு வயது. அதற்குப் பிறகு ஐந்து வருடம் ஆகிவிட்டது. உப்பளத்து எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்தேன். மின்சாரத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு ரேடியோ புத்தகத்திலிருந்து நானே படித்துக்கொண்டேன். அதில் முதல் இருபது பக்கமும் கடைசிப் பத்துப் பக்கமும் இல்லை. அதனால் ஒரு வேலையை எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது என்பது எனக்கு இன்றும் சரியாகத் தெரியாது. நடுவில் உள்ளதெல்லாம் தெரியும்.

என் மனைவி ராஜகனி இறந்து அப்போது பதினோரு வருடம். வீட்டில் பேச ஆளில்லாதவர்கள் வால்வு ஆம்ப்ளிஃபையர் வாங்குவது எங்கள் ஊர் வழக்கம். மற்றப் பாட்டுப் பெட்டிகள் எவ்வளவு உருக்கமாகப் பாடினாலும் தொட்டால் சில்லென்றிருக்கும். வால்வு ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் உட்கார்ந்தால் கன்னத்தில் சூடு தெரியும். நான் வாங்கியது இருப்பதிலேயே மலிவானது. கப்பலில் வந்து இறங்கியது. பார்சலைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே பிளாவேந்திரன் என்று ஒருவர் இருந்தார். நாற்பது வயது இருக்கும். கைகளை வாங்கி, எண் எழுதி, அலமாரியில் வைத்து, திருப்பித் தருவது அவர் வேலை.

"பேரு?"

"சுயம்புலிங்கம்."

"எந்தக் கை அண்ணாச்சி?"

"இடது."

"சோறு எதுல?"

"வலதுல."

"அப்பச் சரி. போன மாசம் ஒருத்தர் ஞாபகப் பிசகா வலதைக் கொடுத்துட்டுப் போயிட்டாரு. ஒரு வாரம் கஞ்சிதான்."

கையைக் கழற்றுவது பழைய குண்டு பல்பைக் கழற்றுவது போலத்தான். முழங்கைக்குக் கீழே பிடித்து, உள்ளே ஓர் அழுத்து அழுத்தி, இடப்பக்கம் திருப்பினால் வந்துவிடும். சிலருக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. பிளாவேந்திரன் கையைத் துணியால் துடைத்து, மணிக்கட்டில் நாற்பத்தொன்று என்று எழுதிய அட்டையைக் கட்டினார்.

"பிடிகட்டை தரட்டுமா?"

பிடிகட்டை என்பது உள்ளங்கையில் வைக்கும் சிறிய வேப்பமரத் துண்டு. வேலையில்லாத கைக்கு எதையாவது பிடிக்கத் தோன்றும். அதற்காகக் கொடுப்பது.

"வேண்டாம் தம்பி. அது எதையும் பிடிக்காது. பதினோரு வருஷமாப் பிடிக்கலை."

"அப்படிச் சொல்லப்படாது அண்ணாச்சி. கேக்கணும்னு விதி. கேட்டுட்டேன். வேண்டாம்னா இங்க ஒரு கையெழுத்து."

போட்டேன்.

நான் சொன்னது உண்மைதான். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் முழுவதும் ராஜகனி என் இடது கையைப் பிடித்திருந்தாள். அவள் பிடி தளர்ந்த பிறகு அந்தக் கை எதையும் பிடிக்காமல் ஆகிவிட்டது. வலி ஒன்றும் கிடையாது. குடையைக் கொடுத்தால் விரலில் மாட்டிக்கொள்ளும், பிடிக்காது. பேருந்தில் கம்பியைத் தொடும், பிடிக்காது. நானும் அதை வற்புறுத்தவில்லை.

பிளாவேந்திரன் ரசீது கொடுத்து, சுவரில் இருந்த அறிவிப்பைக் காட்டினார். ஏழு நாளைக்குள், அதாவது அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள், சோதனையை முடித்துக் கையைத் திரும்பப் பெற வேண்டும். தவறினால் கை சீல் குத்தும் பணிக்கு அனுப்பப்படும். பிறகு திரும்பி வராது. சில அலுவலகங்களில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஆள் தெரியாமல் கை மட்டும் சீல் குத்துவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஒரு கையால் ஆம்ப்ளிஃபையரைச் சோதிப்பது கடினமில்லை. நேரம் ஆகும், அவ்வளவுதான். முதல் நாள் முழுக்கப் பார்சலைப் பிரித்தேன். உள்ளே நான்கு கண்ணாடிக் குழாய் வால்வுகள் தனித்தனியாகப் பஞ்சில் சுற்றியிருந்தன. குறிப்புத் தாள் ஒன்றும் இருந்தது. அதில் 'மகிழ்ச்சியுடன் தொடாதீர்கள்' என்று எழுதியிருந்தது. சோகமாகத் தொடலாமா என்பதைப் பற்றி ஒன்றும் இல்லை.

அடியில் ஒரு சிறிய சுவிட்ச் நூற்றுப்பத்து வோல்ட்டில் நின்றது. அதை இருநூற்று முப்பதுக்குத் தள்ளினேன். இதைப் பார்க்காமல் நேராகப் பிளக்கில் சொருகினவர்கள் எங்கள் ஊரில் பலர் உண்டு. அவர்கள் வீட்டுச் சுவரில் கரி படிந்திருக்கும். அதற்கு மேல் நாள்காட்டி மாட்டியிருப்பார்கள். வயரின் நுனியில் இரண்டு முள் பிளக் இருந்தது. அதை வெட்டிவிட்டு மூன்று முள் பிளக் வைத்து, மூன்றாவது வயரைத் தகரப் பெட்டியோடு இறுக்கி எர்த் கொடுத்தேன். பெட்டியைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, பல்லால் வயரைச் சீவினேன். வீட்டில் யாரும் இல்லாததால் அது நன்றாகத்தான் இருந்தது.

பிறகு சீரீஸ் பல்பு. பிளக்குக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் நூறு வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை வைப்பது. மின்சாரம் பல்பு வழியாகத்தான் போக வேண்டும். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு முழுதாக எரியும், ஆம்ப்ளிஃபையர் தப்பிக்கும். கோளாறு இல்லையென்றால் பல்பு லேசாகச் சிவந்து அடங்கும். ஸ்பீக்கரையும் முதலிலேயே இணைத்துவிட வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் ஓடினால் வால்வு ஆம்ப்ளிஃபையர் தன்னைத்தானே கருக்கிக்கொள்ளும். கேட்க ஆளில்லாமல் பேசுகிறவர்களுக்கும் அப்படி ஆவதுண்டு.

காய்ந்த பலகை மேல் நின்று சுவிட்சைப் போட்டேன். பல்பு சிவந்து அடங்கியது. வால்வுகளுக்குள் ஆரஞ்சு நிறத்தில் வெளிச்சம் வந்தது. வோல்ட் மீட்டரின் கறுப்பு வயரை முன்பே கிளிப் போட்டுப் பெட்டியில் மாட்டியிருந்ததால், சிவப்பு வயரை ஒரு கையால் பிடித்துத் தொட்டுப் பார்த்தேன். முந்நூற்றிரண்டு. பல்பை எடுத்துவிட்டு நேராக ஓட்டி இரண்டு நாள் காத்திருந்தேன். இரைச்சல் இல்லை. கன்னத்தில் சூடு தெரிந்தது. அணைத்த பிறகு கண்டென்சரில் தங்கிய மின்சாரத்தை வடித்துவிட்டேன். 'அணைந்துவிட்டது என்பதால் அடங்கிவிட்டது என்று எண்ண வேண்டாம்' என்று என் புத்தகத்தில் கண்டென்சரைப் பற்றிய பக்கத்தில் இருக்கிறது. எனக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் பென்சிலால் இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்குப் போனேன். சோதனை முடிந்ததற்குச் சான்று சட்டைதான். பிளாவேந்திரன் எழுந்து வந்து என் தோளை மோந்து பார்த்தார்.

"கருகல் வாசனை இல்லை. பாஸ்," என்றார். ஆனால் அலமாரிப் பக்கம் போகவில்லை. ஏட்டை நகர்த்தினார், பேனாவை நகர்த்தினார். "அண்ணாச்சி, ஒரு சின்ன விஷயம். உங்க கை ஒருத்தங்க கையைப் பிடிச்சிருக்கு."

"என் கையா?"

"நாப்பத்தொண்ணு உங்களோடதுதான? அது நாப்பத்திரண்டைப் பிடிச்சிருக்கு. சனிக்கிழமையில இருந்து. நானும் பிரிச்சுப் பாத்தேன். விடமாட்டேங்கு."

கம்பி வலைக்குப் பின்னால் காட்டினார். மூன்றாவது தட்டில் என் கை இருந்தது. பக்கத்தில் ஒரு பெண்ணின் வலது கை. ஆள்காட்டி விரல் நுனியில் ஊசி குத்திய தழும்புகள். ஒரு கண்ணாடி வளையல். இரண்டும் சத்தமில்லாமல் கோத்துக்கொண்டு கிடந்தன. பதினோரு வருடமாக ஒரு குடையைப் பிடிக்காத கை அது. எனக்குக் காது சுட்டது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"ஒன்பதாம் விதி," என்றார் பிளாவேந்திரன். "கோத்த கைகளைத் தனித்தனியாத் தர முடியாது. ரெண்டு பேரும் சோதனை முடிச்சு, சேர்ந்து வந்து, சேர்ந்து வாங்கணும். அந்த அக்கா இன்னும் முடிக்கலை. ரெண்டு தடவை மோந்து பார்த்தேன். ரெண்டு தடவையும் கருகல்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கலைன்னா?"

"ரெண்டும் சேர்ந்தே சீல் குத்தப் போகும். ஜோடியாப் போனா நல்ல வேகமாக் குத்தும்னு சொல்லுதாங்க."

விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

மணல் தெருவில் அது ஒரு தையற்கடை. பெயர் தங்கபுஷ்பம். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ரவிக்கைத் துணியின் ஒரு முனையை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, மறு முனையைக் கால் கட்டைவிரலால் பிடித்து, இடது கையால் கத்தரித்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன்.

"ஆம்பளைத் துணி தைக்கிறதில்ல," என்றார் தலை தூக்காமல்.

"நாப்பத்தொண்ணு," என்றேன்.

கத்தரி நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓ. நீங்கதானா அது. பிடிகட்டை வாங்கியிருக்கலாம்லா அண்ணாச்சி?"

"நீங்களும் வாங்கலையே."

"என் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கட்டையைக் கொடுத்தா உருட்டி உருட்டித் தூள் ஆக்கிப்போடும்னு வேண்டாம்னேன். அடுத்த வீட்டுக் கையைப் பிடிக்கும்னு நான் ஜோசியமா கண்டேன்?"

"என் கைதான் பிடிச்சிருக்குன்னு சொன்னாங்க."

"யாரு, பிளாவேந்திரனா? ஆம்பளை வேற எப்படிச் சொல்லுவான்." ஒரு நூலைப் பல்லால் அறுத்தார். "இந்தா, பதினேழு ரவிக்கை. ஞாயித்துக்கிழமை கல்யாணம். வெட்டுறது என் இடது கை, தைக்கிறது வலது கை. வெட்டி வெட்டி அடுக்கி வச்சிருக்கேன். தைக்க ஆளில்ல. அந்தக் கை சீல் குத்தப் போச்சுன்னா நான் கடையைச் சாத்த வேண்டியதுதான்."

ஆம்ப்ளிஃபையரைக் காட்டினார். என்னுடையதைப் போலவே ஒன்று. பின்பக்கம் இரண்டு ஃபியூஸ்கள் கருகிக் கிடந்தன. அடியில் சுவிட்ச் சரியாக இருநூற்று முப்பதில் இருந்தது. எர்த் கொடுத்திருந்தார், என்னைவிட நேர்த்தியாக. முடிச்சுக்கூட விழாமல் வயரைத் தைத்தே வைத்திருந்தார்.

"சீரீஸ் பல்பு போட்டீங்களா?"

"போட்டேனே. கண்ணடிச்சுது."

"யாரு?"

"பல்புதான். பிளக்கைச் சொருகினதும் கண்ணடிக்கும், அணையும், மறுபடி கண்ணடிக்கும். இந்த வயசுல இது வேறயான்னு அதைக் கழட்டிப் போட்டுட்டு நேரா சொருகினேன். டப்புன்னு போச்சு."

பார்த்தேன். அது வெள்ளை எல்.இ.டி. பல்பு. இப்போது கடைகளில் அதுதான் கிடைக்கிறது. அதைச் சீரீஸில் போட்டால் உள்ளே நடப்பதைச் சொல்லாது, கண்ணைத்தான் அடிக்கும். என் வீட்டிலிருந்து குண்டு பல்பை எடுத்து வருவதாகச் சொன்னேன்.

அதற்கு முன் பன்னிரண்டாம் விதி இருந்தது. ஒற்றைக் கையர் இருவர் ஓர் அறையில் சேர்ந்தால், சட்டப்படி அது இரண்டு கைதான். என்னிடம் வலது, அவரிடம் இடது. இருவரும் ஒரே நேரத்தில் ஆம்ப்ளிஃபையரைத் தொட்டு, ஒருவரையொருவரும் தொட்டுவிட்டால், மின்சாரம் என் கையில் ஏறி, என் இதயம் வழியாக அவர் இதயத்துக்குப் போய், அவர் கையில் இறங்கிவிடும். ஒரு இதயத்துக்கே இவ்வளவு விதி என்றால் இரண்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தனித்தனிப் பலகையில் நிற்க வேண்டும், ஒரு கை நீளம் இடைவெளி வேண்டும், வேலை முடியும்வரை ஒருவரையொருவர் தொடுவதில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். யாருடைய கையின் நீளம் என்று விதியில் இல்லை. நாங்கள் அவர் முழக்கோலை நடுவில் வைத்துக்கொண்டோம்.

புதன்கிழமை வால்வுகளையெல்லாம் கழற்றிவிட்டுப் பல்பைப் போட்டோம். சிவந்து அடங்கியது. பிறகு ஒவ்வொன்றாகச் சொருகினார். ஒவ்வொரு தடவையும் அணைத்து, மின்சாரத்தை வடித்து, காத்திருந்து, சொருகி, மறுபடி போட வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் அவர் ரவிக்கை வெட்டினார். மூன்றாவது வால்வைச் சொருகியதும் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது. கடையில் இருந்த பதினேழு ரவிக்கைத் துணியும் நிறம் காட்டின.

"இதுதான்," என்றேன். "கப்பல்ல வரும்போது உள்ளே உடைஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கு."

"வேற வருமா?"

"மூணு வாரம்."

அவர் வெட்டி முடித்த துணிகளை அடுக்கினார். பிறகு மறுபடி கலைத்து அடுக்கினார்.

வியாழக்கிழமை காலை என் ஆம்ப்ளிஃபையரின் மூன்றாவது வால்வைக் கழற்றி, பஞ்சில் சுற்றி, எடுத்துக்கொண்டு போனேன். என் சட்டை ஏற்கனவே பாஸ் ஆகிவிட்டதால் சட்டப்படி தடையில்லை. என் பெட்டி இனி ஒரு பக்கம் மட்டும் பாடும். ஒரே ஆள் கேட்பதற்கு ஒரு பக்கம் போதும்.

"அப்ப உங்களுக்கு?" என்றார் தங்கபுஷ்பம்.

"எனக்கு இன்னொரு பக்கம் இருக்கு."

"நல்லாப் பேசுதீங்க," என்று வால்வை வாங்கிக்கொண்டார். வாங்கும்போது விரல் படாமல் இருவரும் கவனமாக இருந்தோம். எழுதிக் கொடுத்திருந்தோம்.

பல்பு சிவந்து அடங்கியது. நேராகச் சொருகினார். ஃபியூஸ் போகவில்லை. சோதிப்பதற்குப் பாட்டு எதுவும் கைவசம் இல்லாததால் அவருடைய ரேடியோவை இணைத்தோம். மீனவர்களுக்கான வானிலை அறிக்கை ஓடிக்கொண்டிருந்தது. தென்மேற்கிலிருந்து மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் காற்று. அலை மூன்று மீட்டர். கடலுக்குப் போக வேண்டாம் என்று அவ்வளவு இதமாக யாரும் எங்களிடம் சொன்னதில்லை. தனித்தனிப் பலகையில் உட்கார்ந்து இருமுறை கேட்டோம். நாங்கள் கடலுக்குப் போகிறவர்கள் இல்லை. என்றாலும் போவதில்லை என்று முடிவு செய்தோம்.

வெள்ளிக்கிழமை மதியம் இருவரும் ஒரே பேருந்தில் போனோம். மூன்றரை மணிக்கு அலுவலகத்தில் இருந்தோம். பிளாவேந்திரன் தங்கபுஷ்பத்தின் தோளை மோந்து, "சாக்கட்டி வாசனைதான். பாஸ் அக்கா," என்றார். அலமாரியைத் திறந்து, இரண்டு கைகளையும் ஒரே தட்டில் எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

கைகள் விடவில்லை.

பிளாவேந்திரன் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டார். பிறகு கோழி இறகால் கூச்சம் காட்டினார். தங்கபுஷ்பத்தின் கை லேசாகச் சிரித்தது, ஆனால் விடவில்லை. மணி நான்கரை.

"ஏட்டி," என்றார் தங்கபுஷ்பம் குனிந்து. "பதினேழு ரவிக்கை கிடக்குட்டி. நாளை கழிச்சுக் கல்யாணம். விளையாடுற நேரமா இது? விடுட்டி."

வளையல் ஒரு தடவை அசைந்தது. அவ்வளவுதான்.

"அண்ணாச்சி, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க கை பெரிய கை. நீங்க சொன்னா கேக்கும்," என்றார் பிளாவேந்திரன்.

நான் குனிந்து பார்த்தேன். அந்தப் பிடி எனக்குத் தெரிந்த பிடி. பெருவிரல் மேலே, மற்ற நான்கும் அடியில், சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் விலகி. ராஜகனி அப்படித்தான் பிடிப்பாள். ஆஸ்பத்திரியில் பிடித்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் என் கை அதைப் படித்து வைத்திருக்கிறது. யாரும் சொல்லித் தராமல்.

"இருக்கட்டும் தம்பி," என்றேன். "வடியக் கொஞ்ச நேரம் ஆகும்."

தங்கபுஷ்பம் என்னைப் பார்த்தார். "இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு அண்ணாச்சி. அப்புறம் சீல்தான்."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லுதீங்களா?"

"தெரிஞ்சுதான்."

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பிளாவேந்திரன் விதிப் புத்தகத்தை எடுத்துப் பின்னாலிருந்து புரட்டினார். நான்கு ஐம்பதுக்குப் பதினேழாம் விதியைக் கண்டுபிடித்தார். ஒரு வலதும் ஒரு இடதும் தாமாகச் சேர்ந்திருந்து, இடையில் இதயம் எதுவும் இல்லாதிருந்தால், அவை ஒப்படைக்கப்பட்ட கைகள் ஆகா. அவை முழு விண்ணப்பதாரர் ஆகும். சீல் குத்தும் பணிக்கு விண்ணப்பதாரர்களை அனுப்ப முடியாது.

அவர் அதைச் சத்தமாகப் படித்து முடித்ததும் கைகள் தட்டிலிருந்து இறங்கின. சுண்டுவிரல்கள் மட்டும் கோத்திருக்க, தங்கபுஷ்பத்தின் கை பேனாவை எடுத்தது. என் கை விண்ணப்பத் தாளை நகராமல் அழுத்திப் பிடித்துக்கொண்டது. எழுத்து என்னுடையதும் இல்லை, அவருடையதும் இல்லை.

பெயர்: நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. தொழில்: கை. பொருள்: வெளிநாட்டு வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்று, பார்சல் கீழே ஐஸ் கம்பெனியில் வந்து கிடக்கிறது. ஒப்படைக்கும் உறுப்பு: மீதி.

பிளாவேந்திரன் இரண்டு தடவை படித்தார். "சரியாத்தான் எழுதியிருக்கு. ஆபத்து இருக்கிற பாகத்தைத்தான் ஒப்படைக்கணும். இதயம் உங்ககிட்டதான இருக்கு? மீதின்னா நீங்க ரெண்டு பேரும்தான்."

"அப்ப என் ரவிக்கை?" என்றார் தங்கபுஷ்பம்.

"கை வெளியிலதான போகுது அக்கா. கடைச் சாவியைக் கொடுத்து விடுங்க."

அவர் யோசித்தார். "உங்க கைக்குத் தையல் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியாது. ஆனா இப்பத் துணியைப் பிடிச்சுக்கும்."

"பிடிச்சுக்கிட்டாப் போதும். மத்ததை என்னோடது பாத்துக்கும்." இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "பெரிய ரவிக்கைக்கு உள்ளே ரெட்டைத் தையல், மறந்துராத," என்றார் தன் கையிடம்.

கைகள் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கின. பிளாவேந்திரன் எங்கள் கால் கட்டைவிரல்களில் அட்டையைக் கட்டினார். நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு. அலமாரியில் ஏற ஒரு சிறிய ஏணி இருந்தது. நாங்கள் ஏறி உட்கார்ந்த பிறகு, ஷட்டரை இறக்கப் போனவர் திரும்பி வந்தார்.

"பிடிகட்டை தரட்டுமா?"

"எனக்கு வேண்டாம்," என்றார் தங்கபுஷ்பம் உடனே.

பிளாவேந்திரன் என்னைப் பார்த்தார். நான் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை. மணி ஐந்து அடித்துவிட்டது, ஆனாலும் நின்றார்.

"எனக்கும் வேண்டாம்," என்றேன். கையெழுத்துப் போட்டேன். போன தடவையைவிட எழுத்துக் கோணலாக வந்தது.

தட்டு எதிர்பார்த்ததைவிட வசதியாக இருந்தது. கீழே ஐஸ் கம்பெனி என்பதால் புழுக்கம் இல்லை. ரவிக்கைகள் எல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததாகத் திங்கட்கிழமை பிளாவேந்திரன் சொன்னார். ஒன்றில் மட்டும் கொக்கிகள் இடம் மாறியிருந்தனவாம். கல்யாணப் பெண் அதைத்தான் எடுத்துப் போட்டுக்கொண்டாளாம்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குக் கீழேயிருந்து முதல் தடவையாகச் சத்தம் வந்தது. கைகள் முறையாகத்தான் செய்திருந்தன. இரண்டு பக்கமும் பாடியது, இரைச்சல் இல்லை. வானிலை அறிக்கைதான். காற்று தணிந்திருந்தது. அலை ஒரு மீட்டர். அறிக்கை ஏறி வந்ததும் அலமாரியில் இருந்த மற்றக் கைகளெல்லாம் பலகையில் தாளம் போட ஆரம்பித்தன. பிடிகட்டை வைத்திருந்தவை கட்டையால் தட்டின. மேல் தட்டில் முப்பத்தாறாம் எண் மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிந்தியது.

"அது யாரு கை தம்பி, தாளம் விட்டுப்போகுது?" என்றார் தங்கபுஷ்பம்.

"மிருதங்கக்காரரோடது," என்றார் பிளாவேந்திரன் ஏட்டிலிருந்து தலை தூக்காமல். பிறகு தூக்கினார். "நீங்க ரெண்டு பேரும் போடலையா?"

எங்களால் முடியவில்லை. என்னிடம் மீதியிருந்த கையும் அவரிடம் மீதியிருந்த கையும் அப்போது ஒன்றோடொன்று வேலையாக இருந்தன. பிளாவேந்திரன் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்பதாம் விதி என்று எங்கள் எண்களுக்கு நேரே எழுதிக்கொண்டார்.